நடக்கிறதுக்கு இஎம்ஐ எதுக்கு? பழைய டிரெட்மில், ஒரு பலகை, ஒரு சின்னக் கணக்கு



ஐப்பசி பிறந்துவிட்டால் நம்ம திருவள்ளூர் பக்கம் ரெண்டு விஷயம் தவறாமல் நடக்கும். பூண்டி ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று காலையில் முதல் வேலையாக எல்லாரும் பார்ப்பார்கள். அதே சூட்டோடு, மழையால் வாக்கிங்கை நிறுத்தினவர்கள் ஷாப்பிங் ஆப்பைத் திறந்து "வாக்கிங் பேட்" என்று தேடுவார்கள். தீபாவளி ஆஃபர், நோ-காஸ்ட் இஎம்ஐ, மாசம் 2,444 ரூபாய்தான். கை தானாகவே "பை நவ்" பட்டனுக்குப் போய்விடும்.

அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தத்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன், சண்டை போடுகிறவர்கள் வசதியாகப் போடலாம். வேலை பார்த்துக்கொண்டே நடக்கிற டிரெட்மில் டெஸ்க் நல்ல ஐடியா. அதைப் புதுசாக, கடனில் வாங்குவது மோசமான ஐடியா. வாரத்தில் மூணு நாளாவது வீட்டிலிருந்து வேலை பார்க்காதவர்கள் எதையுமே வாங்க வேண்டாம்.

ஏன் மூணு நாள் கணக்கு? திருப்பாச்சூரில் இருந்து வேலைக்குப் போகிற ஒருத்தரை எடுத்துக்குவோம். வாசீஸ்வரர் கோயில் பக்கம் வீடு. பைக்கில் திருவள்ளூர் ஸ்டேஷன், அங்கே வண்டியைப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக மின்சார ரயில். பட்டாபிராம் டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்த பிறகு அங்கேயே இறங்குகிற பாக்கியவான்கள் சிலர் உண்டு. மற்றவர்களுக்கு அம்பத்தூர், இல்லைன்னா சென்ட்ரல் வரை சுமார் 42 கிலோமீட்டர், அதற்கு மேல் மெட்ரோவோ பஸ்ஸோ. ஒரு நாளைக்கு மூணு, மூணரை மணி நேரம் இதிலேயே கரையும். அலுப்புதான், ஆனால் இந்த அலுப்புக்குள் ஒரு இலவசப் பொருள் ஒளிந்திருக்கிறது. பிளாட்ஃபார்ம் நடை, மேம்பாலப் படி, ஸ்டேஷனில் இருந்து ஆபீஸ் வரை நடை என்று நீங்க கணக்கில் வைக்காமலேயே சில ஆயிரம் ஸ்டெப்ஸ் போய்விடும்.

வொர்க் ஃப்ரம் ஹோம் நாளில் இது மொத்தமும் பூஜ்யம். கட்டிலில் இருந்து மேசைக்குப் பத்து அடி, மேசையில் இருந்து டிஃபனுக்குப் பதினைந்து அடி. ரயில் சீசன் டிக்கெட், பார்க்கிங், வெளியே குடிக்கிற டீ எல்லாம் மிச்சம் என்று நாம் சந்தோஷப்படுகிற அதே நாளில், உடம்புக்குப் போகவேண்டிய நடையும் சேர்ந்து "மிச்சம்" ஆகிவிடுகிறது. வெயில் காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏதாவது ஒரு சுற்று போவீங்க. ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் போச்சு. நம்ம பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. திருத்தணி ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில், எது பள்ளம் எது தண்ணி என்று தெரியாமல் இருட்டில் நடக்கச் சொல்லி நான் யாருக்கும் அட்வைஸ் பண்ண மாட்டேன். மழை விட்டால் மார்கழி. இருபது டிகிரிக்கு இறங்கினாலே நமக்கு மங்கி குல்லா தேவைப்படும்; அஞ்சரை மணி அலாரத்தை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கிறது மனித இயல்பு. அதற்காக யாரையும் சோம்பேறி என்று திட்டிப் பிரயோஜனம் இல்லை. அக்டோபரில் இருந்து ஜனவரி வரை, வருஷத்தில் மூணில் ஒரு பங்கு இப்படியே போகிறது என்பதுதான் பிரச்சனை.

இது எங்கேர்ந்து வந்த ஐடியா?

நம்மைவிட ரொம்பக் குளிரான ஊரில் இருந்து. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம், ராச்செஸ்டர் நகரம், மேயோ கிளினிக். ஜனவரியில் பகலிலேயே ஜீரோ டிகிரிக்குக் கீழே போகிற இடம். அங்கே ஜேம்ஸ் லெவின் என்ற மருத்துவர், ஜிம்முக்குப் போகாத நேரத்தில் நாம் நிற்பது, நடப்பது, அசைவது எல்லாம் எவ்வளவு கலோரி எரிக்கிறது என்று ஆராய்ச்சி செய்தவர். 2005-ல் அவருடைய குழு "சயின்ஸ்" இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒல்லியானவர்கள் பத்துப் பேர், கொஞ்சம் பருமனானவர்கள் பத்துப் பேர். பருமனானவர்கள் தினம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக உட்கார்ந்தே இருந்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். சுமார் 400 டாலர் டிரெட்மில் ஒன்றை எடுத்து, ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலுக்குக் குறுக்கே சாப்பாடு வைக்கிற மேசை இருக்கு பாருங்க, அதை டிரெட்மில் மேல் தள்ளி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், டெஸ்க் ரெடி. அதாவது இந்தப் பொருள் பிறந்ததே ஒட்டு வேலையாகத்தான். ஆப்பில் ரிமோட், ஆர்ஜிபி லைட், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து விற்கிறது பிற்பாடு வந்த கதை.

2007-ல் இதே மேயோ குழு, பருமனான 15 பேரை வைத்து அளந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தால் மணிக்கு 72 கலோரி, மணிக்கு 1.1 மைல் வேகத்தில், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 1.8 கிலோமீட்டர்கூட இல்லாத ஆமை நடையில் வேலை பார்த்தால் 191. வித்தியாசம் 119 கலோரி. நீங்க 60 கிலோ ஆள் என்றால் இதைவிடக் குறைவாகத்தான் வரும். இந்த எண்ணைக் காட்டி "மூணு மாசத்துல பத்து கிலோ" என்று யாராவது விற்றால் நம்பாதீங்க. மழைக்குச் சூடா ரெண்டு மெதுவடை, ஒரு டீ உள்ளே போனால் ஒன்றரை மணி நேர நடையின் கணக்கு நேராகிவிடும்.

அப்புறம் எதுக்குதான் நடக்கணும்? இதற்குப் பதில் இன்னும் பழைய ஆய்வில் இருக்கிறது. 1953-ல் ஜெரெமி மோரிஸ் குழு "லான்செட்" இதழில் லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதியது. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பஸ், ஒரே ரூட். ஆனால் இதய நோய் டிரைவர்களுக்கு அதிகம். நம்ம காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளில் இதே படத்தைத் தினமும் பார்க்கலாம். ஷிஃப்டில் லைனில் நிற்கிற பையனும், மேல்மாடியில் பிளானிங், பேரோல் பார்க்கிற பையனும் ஒரே கம்பெனி வேனில் வந்து, ஒரே கேன்டீனில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். ஒருத்தருக்கு வேலையே நடை. இன்னொருத்தரை வேன் வாசலில் ஏற்றி, வாசலில் இறக்கி விடுகிறது. லைனில் நிற்கிற நண்பர் இதைப் படித்தால், உங்களுக்கு இந்த டெஸ்க் சுத்தமாகத் தேவையில்லை. நல்ல ஷூவுக்குக் காசு போடுங்க.

பர்ஸில் எங்கே அடிக்கும்?

ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்கு: நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய படியில், ப்ரீ-டயபெடிஸில். இந்த முந்தைய படிதான் இருபத்தஞ்சு முப்பது வயசு மாச சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டியது. எச்பிஏ1சி 5.7-ஐத் தொட்டாலே அந்தப் படியில் கால் வைத்தாச்சு. வலி கிடையாது, அறிகுறி கிடையாது, கம்பெனி வருடாந்திர செக்கப் ரிப்போர்ட்டில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். நாமும் பிடிஎஃப்பை டவுன்லோட் பண்ணி வைத்துவிட்டு மறந்துவிடுவோம்.

"கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கே?" இருக்கு, அந்தக் கம்பெனியில் நீங்க இருக்கிற வரைக்கும். வேலை மாறும்போதோ, லேஆஃப் வரும்போதோ சொந்தமாக ஹெல்த் பாலிசி எடுக்கப் போவீங்க. அப்போது சர்க்கரை ஏற்கெனவே இருந்தால் பிரீமியத்தில் லோடிங் போடலாம், அதற்கான சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஐஆர்டிஏஐ 2024-ல் அந்த உச்ச வரம்பை 48 மாசத்தில் இருந்து 36 ஆகக் குறைத்தது. குறைத்த பிறகும் மூணு வருஷம், நண்பர்களே. சாப்பிட்ட பிறகு மெதுவாக நடப்பது ரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும் என்பது மருத்துவத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற ஒரு மணி நேர மீட்டிங்கை நடந்துகொண்டே கேட்டால் போதும், அதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. எனக்கு இந்த டெஸ்க்கில் பிடித்ததே இதுதான். தினம் மூணு மணி நேரம் ரயிலுக்குக் கொடுக்கிற ஊரில் நம்மிடம் பணத்தைவிட நேரம்தான் பற்றாக்குறை.

சரி, இஎம்ஐக்கு வருவோம்

22,000 ரூபாய் வாக்கிங் பேட், ஒன்பது மாசம் நோ-காஸ்ட் இஎம்ஐ, மாசம் 2,444 என்று வெச்சுக்குங்க. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது. இதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது. நடப்பது என்னவென்றால், வட்டித் தொகையை முன்கூட்டியே டிஸ்கவுண்ட் மாதிரி கழித்துவிட்டு, அதே வட்டியைத் தவணையில் உங்களிடம் வாங்குவார்கள். 15 சதவீதம் என்றால் அந்த வட்டி சுமார் 1,300 ரூபாய். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில். பிராசசிங் ஃபீஸ் 199, அதற்கும் ஜிஎஸ்டி. கூட்டிப் பார்த்தால் "நோ-காஸ்ட்"டின் காஸ்ட் 470 ரூபாய். மொத்தமாகப் பணம் கட்டினால் கிடைக்கிற டிஸ்கவுண்ட் இருந்தால் அதுவும் போச்சு.

470 ரூபாய் பெரிய விஷயம் இல்லைதான். பெரிய விஷயம் வேற. டிரெட்மில் வாங்கின பத்து வீட்டுக்குப் போய்ப் பாருங்க, எத்தனை வீட்டில் அது துணி காயப்போடும் ஸ்டாண்டாக இருக்கு என்று. மழைக்காலத்தில் வேட்டியும் ஜீன்ஸும் காய அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை, உண்மைதான். ஆனா மாசம் 2,444 கொடுத்து எவர் துணி காயப்போடுவார்? விலையைப் பார்க்காதீங்க, ஒரு மணி நேர நடைக்கு என்ன செலவு என்று பாருங்க. 22,000 ரூபாய் மெஷினில் மொத்தமாக 40 மணி நேரம் நடந்துவிட்டு விட்டுவிட்டால், மணிக்கு 550 ரூபாய். இந்த ரேட்டுக்கு ஆள் வைத்துக் குடை பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

இப்போது பழசுக்கு வருவோம். ஓரளவு நல்ல நிலையில் ஒரு பழைய டிரெட்மில் 9,000, சர்வீஸ் 1,000, பலகை கிளாம்ப் வகையறா 1,500. மொத்தம் 11,500. வாரம் மூணு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம், 16 வாரம் நடந்தால் 72 மணி நேரம். சீசன் முடிந்து 6,000-க்கு விற்றால்கூட நிகரச் செலவு 5,500. மணிக்கு 76 ரூபாய். விற்காமல் அடுத்த மழைக்கும் வைத்துக்கொண்டால் இன்னும் இறங்கும். வாரம் ஒரு நாள்தான் வீட்டிலிருந்து வேலை என்றால் இதே கணக்கு மணிக்குச் சுமார் 229 ரூபாய் ஆகிவிடுகிறது. அதனால்தான் மூணு நாள் ரூல்.

வாங்குவதற்கு முன்னாடி ஒரு டெஸ்ட். பதினைந்து வேலை நாள், கேமரா ஆஃப் பண்ணின எல்லா காலையும் ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே பேசுங்க. செலவு பூஜ்யம். பதினைந்தில் பன்னிரண்டு நாள் செய்துவிட்டால் நீங்க டெஸ்க்குக்குத் தகுதியான ஆள். ஐந்து நாளில் விட்டுவிட்டீங்களா? நல்லது, 11,500 ரூபாய் மிச்சம், அதை லிக்விட் ஃபண்டில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்க. இந்த டெஸ்ட்டில் எல்லாரும் பாஸ் ஆக வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இல்லை.

செய்கிற முறை

பழைய மெஷின் பார்க்கும்போது "பீக் எச்பி" எண்ணைக் கண்டுகொள்ளாதீங்க, "கன்டின்யூவஸ் எச்பி" என்ன என்று கேளுங்க. மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் போட்டு, அதன் மேல் ஏறி, பத்து நிமிஷமாவது நடந்து பாருங்க. பெல்ட் திக்கித் திக்கி ஓடுதா, கருகின வாசனை வருதா, பெல்ட் ஒரு பக்கமாக இழுக்குதா என்று தெரிந்துவிடும். விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பத்து நிமிஷம் நடங்க.

டெஸ்க்குக்கு 19 எம்எம் பிளைவுட், நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம் போதும். மரக்கடையிலேயே அறுத்துத் தருவார்கள். கட் பீஸ் இருக்கா என்று கேட்டால் இன்னும் சல்லிசு. ரெண்டு கைப்பிடி மேலும் குறுக்கே வைத்து, ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற யூ-கிளாம்ப் நாலு போட்டு முடுக்கினால் ஆடாது. கைப்பிடி சாய்வாக இருந்தால் அடியில் கட்டை கொடுத்து மட்டம் பண்ணணும், இதை மட்டும் ஒரு ஆசாரியிடம் விட்டுவிடுவது நல்லது. பலகையில் கை வைக்கும்போது முழங்கை கிட்டத்தட்ட 90 டிகிரி மடங்க வேண்டும். லேப்டாப்பைக் குனிந்து பார்த்தால் ஒரு வாரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனி கீபோர்டு வெச்சுக்குங்க. பலகை வேலையே வேண்டாம் என்றால் லெவின் வழி இருக்கு: சர்ஜிகல் கடைகளில் அந்தக் கட்டில் மேசை சக்கரத்தோடு கிடைக்கும், உயரத்தையும் ஏற்றி இறக்கலாம். மீட்டிங் முடிந்ததும் தள்ளி வைத்துவிடலாம், வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது முடியாமல் போனால் அதற்கும் உதவும்.

வேகம் 1.5 முதல் 2 கிலோமீட்டர். அதற்கு மேல் வேண்டாம். மீட்டிங் கேட்பது, மெயில் படிப்பது, டிரெய்னிங் வீடியோ பார்ப்பது எல்லாம் நடந்துகொண்டே செய்யலாம். எக்செல்லில் சம்பளக் கணக்கு போடுகிற வேலையை உட்கார்ந்தே பாருங்க. நடக்கும்போது டைப்பிங்கும் மவுஸும் தடுமாறும், உங்க தப்பால் இன்னொருத்தர் பிஎஃப் குறையக் கூடாது.

மோட்டார் விஷயத்தில் ஒன்று. நிறைய வீட்டு டிரெட்மில்களில் மோட்டாரைக் குளிர்விக்கிற விசிறி அதே மோட்டார் தண்டிலேயே இருக்கும். மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் உங்க எடை குறையாது. அதனால் சூடாகும். 40, 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்திவிடுங்க. உங்க காலுக்கும் அது நல்லது. பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் ஆயில் போடச் சோம்பல் படாதீங்க. தேங்காய் எண்ணெய், கிரீஸ் எல்லாம் போட்டு வைக்காதீங்க.

எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில் நேரடியாகப் போடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கவே கொடுக்காதீங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரம் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரிக் காற்று மழையில் கரண்ட் வந்து வந்து போகும்போது ஓடுகிற பெல்ட் சட்டென்று நிற்கும், நீங்க முன்னால் சாய்வீங்க. சேஃப்டி கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஏறக் கூடாது. வீட்டில் குழந்தை இருந்தால் வேலை முடிந்ததும் சாவியை எடுத்து பீரோவில் வையுங்க. பெல்ட்டின் பின்பக்க இடுக்கில் பிஞ்சு விரல் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டு வலி, பிபி, தலைசுற்றல் இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிங்க. மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தால் அடியில் தடியான ரப்பர் மேட், அப்படியே கீழ் வீட்டு ஆன்ட்டியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை. அட்வான்ஸ் பணம் ஓனர் கையில் இருக்கு என்பதை மறந்துடாதீங்க.

கரண்ட் பில் பயம் வேண்டாம். 300 வாட்ஸ் இழுக்குது என்று வைத்தால், மாசம் 18 மணி நேரத்துக்கு ஐந்தரை யூனிட்டுக்குக் கீழே. ரெண்டு மாச பில்லில் 11 யூனிட். ஒரே ஒரு ஜாக்கிரதை: உங்க ரீடிங் 500-ஐ ஒட்டி இருந்தால். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ல் இருந்து 200 வரையான யூனிட்டுக்கும் 2.25-க்குப் பதில் 4.50 என்று ஆகிவிட்டது. அதாவது ஒரே யூனிட் கூடினால்கூட 225 ரூபாய் கூடுதல். அப்புறம் ரேட் இன்னும் கொஞ்சம் ஏறியும் இருக்கு. ஏசி ஓடாத மழைக்காலத்தில் 500-ஐத் தொடுகிற வீடு அபூர்வம்தான், இருந்தாலும் கார்டைப் பார்த்துக்குங்க.

எப்போ வாங்கணும்? அக்டோபரில் எல்லாரும் தேடுவார்கள், ஜனவரி முதல் வாரத்தில் புத்தாண்டு சபதம் எடுத்தவர்கள் தேடுவார்கள், ரெண்டு நேரத்திலும் விற்கிறவர் இறங்கி வர மாட்டார். ஏப்ரல், மே மாசம் பிள்ளைகள் ஸ்கூல் மாற்றத்துக்காக வீடு காலி பண்ணுகிற நேரம். 60, 70 கிலோ மெஷினை மாடியில் இருந்து இறக்க ஆள் கூலி கொடுக்கணுமே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அப்போதுதான் கிடைப்பார்கள். திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் பக்கம் தேடுங்க, டாடா ஏஸ் வாடகை குறைச்சலாக முடியும். கூடவே ஒரு நண்பரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஏற்றி இறக்கவும் ஆச்சு, நீங்க மேலே நடக்கும்போது கீழே குனிந்து மோட்டார் சத்தத்தைக் கேட்கவும் ஒரு காது ஆச்சு.